‘தி ஐ’: முதல் பாகம் பயமுறுத்தியது, இரண்டாம் பாகம் ஏன் பரிதாபப்பட வைத்தது?

இயக்கியவர்கள் அதே ஆட்கள். தயாரித்த நிறுவனங்களும் அவையேதான். இரண்டு படங்களுக்கும் இடையில் இரண்டே ஆண்டு. இருந்தும், 2002இல் வந்த ‘தி ஐ’ பேய்ப்படத்தைப் பார்த்துவிட்டு எழுந்தவர்கள் லிஃப்டில் தனியாக ஏறத் தயங்கினார்கள். 2004இல் வந்த ‘தி ஐ 2’வைப் பார்த்துவிட்டு எழுந்தவர்களோ “பாவம் அந்தப் பொண்ணு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஊர் உலகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்த நான்கைந்து பேரைப் பற்றிச் சொல்கிறேன். அந்த அறையில் நடந்ததை வைத்துத்தான் இந்த ஆய்வு. இரண்டு படங்களின் முடிவுகளும் இதில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

யார், எப்போது, எப்படி

சீனர்களின் ஏழாம் மாதம், ஆவிகள் வெளியே உலவும் என்று அவர்கள் நம்பும் மாதம். கீழே புல்வெளியில் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமும் வைத்துப் படைத்திருந்தார்கள். தகர டின்களில் காகிதம் எரிந்துகொண்டிருந்தது. இந்த மாதத்தில் வெளியே சுற்ற வேண்டாம் என்று பெரியம்மா யாரையும் விடவில்லை. சரி, வீட்டிலேயே பேயைப் பார்ப்போம் என்று முடிவானது.

இருந்தவர்கள்: தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இங்கேயே பேரன் பேத்தி எடுத்த பெரியம்மா. அவருடைய தம்பி, எங்களுக்கு மாமா. கண் பிரிவில் தாதியாக வேலை பார்க்கும் அக்கா. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகள். அப்புறம் நான். பெரியம்மாவும் மாமாவும் இரண்டில் எதையும் முன்பு பார்த்ததில்லை. அக்கா முதல் படத்தை வந்த புதிதில் தியேட்டரில் பார்த்தவர். எனக்கு இரண்டும் பழக்கம் என்பதால் திரையை விட்டுவிட்டு ஆட்களைக் கவனித்தேன். யார் எப்போது பேசினார்கள், எப்போது பேச்சு நின்றது, யார் போனை எடுத்தார்கள் என்பதுதான் என் குறிப்பு.

சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு

இவற்றை ஹாங்காங் படம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஹாங்காங்கின் அப்ளாஸ் பிக்சர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்தது நம்மூர்த் தொலைக்காட்சி நிறுவனமான மீடியாகார்ப்பின் ரெயின்ட்ரீ பிக்சர்ஸ். முதல் படத்தில் டாக்டர்களாக வரும் எட்மண்ட் சென், பியர் பிங் இருவரும் சீன மொழி எட்டாம் ஒளிவழி நாடகங்களில் நாம் பார்த்துப் பழகிய முகங்கள். அவர்கள் வந்ததும் பெரியம்மா “இந்தத் தம்பி நம்ம டிவியில வர்றவர்தானே” என்றார். கதாநாயகி ஏஞ்சலிகா லீ மலேசியாவின் கெடாவைச் சேர்ந்தவர். இந்தப் படத்துக்காக ஹாங்காங்கிலும் தைவானிலும் சிறந்த நடிகை விருது வாங்கினார்.

இயக்குநர்கள் டேனி பாங், ஆக்சைட் பாங். இரட்டைச் சகோதரர்கள். டேனி படத்தொகுப்பாளர், ஆக்சைட் பாங்காக்கில் வண்ணம் சேர்க்கும் வேலை பார்த்தவர். முதல் படத்தின் பலம் முழுவதும் இந்த இரண்டு கைத்தொழிலிலிருந்து வந்தது என்பது என் கருத்து. எதை மங்கலாக விடுவது, எந்த நொடியில் வெட்டுவது என்பதில் அப்படியொரு கணக்கு.

தமிழுக்கும் இந்தக் கதை வந்தது. 2004இல் சினேகா நடித்து வெளியான ‘அது’ இதன் தழுவல்தான். அதை எடைபோட இன்னொரு சாயங்காலம் வேண்டும்.

முதல் படம்: அவளுக்கு எது பேய் என்று தெரியாது

கதை எளிது. கார்மன் என்ற இளம்பெண் சிறு வயதிலேயே பார்வை இழந்தவள், வயலின் வாசிப்பவள். கருவிழி மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது, பார்வை வருகிறது. கூடவே, மற்றவர்கள் பார்க்காத சிலரும் தெரிகிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அவளுக்கு உலகம் எப்படித் தெரிய வேண்டும் என்றே தெரியாது. எல்லாமே மங்கல். மருத்துவமனையில் முதல் இரவு, பக்கத்துப் படுக்கைப் பாட்டியை ஒரு கறுப்பு உருவம் கூட்டிப்போவதைப் பார்க்கிறாள். அது தாதியா, சொந்தக்காரரா, எமனா? அவளுக்குத் தெரியாது. திரையும் அவள் கண்ணைப் போலவே மங்கலாக இருப்பதால் நமக்கும் தெரியாது. காலையில் அந்தப் படுக்கை காலி.

அக்கா இந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். “இது மட்டும் உண்மை. ரொம்ப வருஷம் பார்வை இல்லாதவங்களுக்குத் திடீர்னு பார்வை வந்தா, பார்க்கவே கத்துக்கணும்” என்றார். இதற்குப் பிரபலமான சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் சிட்னி பிராட்ஃபோர்டு என்பவர் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வை இழந்தவர். 52 வயதில் கருவிழி மாற்றிப் பார்வை பெற்றார். அவரைப் பற்றி ரிச்சர்ட் கிரெகரி என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். கையால் தடவிப் படித்திருந்த பெரிய எழுத்துகளைக் கண்ணால் பார்த்ததும் படித்துவிட்டார். முகபாவம்தான் பிடிபடவில்லை. பார்வை வந்த பிறகு மனம் சோர்ந்துபோய், 1960இல் இறந்தார். ஆக, பார்வை வந்தும் நாயகி மகிழாமல் தவிப்பதைப் பேயை நம்பாதவரும் நம்பலாம். படம் அந்த அஸ்திவாரத்தைப் போட்டுவிட்டுத்தான் மேலே பேயை ஏற்றுகிறது.

கருவிழி கொடுத்தவரின் ஞாபகம் வாங்கியவருக்கு வருமா என்று மாமா கேட்டார். “அது ஜன்னல் கண்ணாடி மாதிரி மாமா. கண்ணாடியை மாத்தினா பழைய வீட்டுக்காரர் ஞாபகமா ஒட்டிக்கிட்டு வரும்?” என்று அக்கா சொல்லிவிட்டார். மாமா அதோடு விடவில்லை, நம்மூர் சட்டத்துக்குப் போனார். 1987இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம் முதலில் சிறுநீரகத்துக்கு மட்டும்தான். மறுப்புத் தெரிவிக்காதவர்களிடமிருந்து, இறந்த பிறகு கருவிழியையும் எடுக்கலாம் என்று விரிந்தது 2004இல். இரண்டாம் பாகம் வந்த அதே ஆண்டு. “அப்போ யார் கண்ணு யாருக்கு வந்திருக்கோ” என்று பெரியம்மா சொன்ன தொனியில் அறையே சிரித்தது. படம் மறுபடி ஓடத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அடுத்து வந்தது லிஃப்ட்.

அந்த லிஃப்ட்

இந்தக் காட்சியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். நாயகி தன் அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டில் ஏறுகிறாள். மூலையில் ஒரு கிழவர் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார், முதுகு நமக்கு. அவள் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறாள். மாடி எண்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. எண்ணைக் காட்டுகிறார்கள், அவள் முகத்தைக் காட்டுகிறார்கள், திரும்பவும் எண். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் கிழவர் கொஞ்சம் நெருங்கியிருக்கிறார். நடந்து வரவில்லை. பாதம் தரையில் படவே இல்லை. முகத்தில் பாதியைக் காணோம்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. அவள் ஓட முடியாது, திரும்ப முடியாது, கத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரியாத மாதிரி நிற்பது ஒன்றுதான் வழி. அறிமுகம் இல்லாதவரோடு லிஃப்டில் போகும்போது நாம் எல்லோரும் தினமும் செய்வதும் இதைத்தான்: எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பது.

அறையில் நடந்தது இது. பெரியம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு நீளப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் காட்சி, பாட்டி செத்தது, எதற்கும் கத்தி நிற்கவில்லை. லிஃப்ட் கதவு மூடியதும் நின்றது. பாதி வெட்டிய காய் கத்திமேலேயே இருந்தது. அக்கா மகள் இரண்டு காலையும் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டாள். ஒன்றும் பேசாமல் எழுந்து நடையின் விளக்கைப் போட்டவர் மாமா.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி கூடுதலாக உறைக்கக் காரணம் உண்டு. நமக்குப் பேய் பங்களா கிடையாது. புளியமரம், பாழடைந்த அரண்மனை, ஒற்றையடிப் பாதை இவையெல்லாம் தமிழ்ப்படத்தில் பார்ப்பது. நம் வாழ்க்கையில் இருப்பது நீளமான நடை, ஒரே மாதிரிக் கதவுகள், லிஃப்ட். அதிலும் அப்போதெல்லாம் பழைய புளோக்குகளில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்காமல் இருந்தது. ஒன்று, ஐந்து, ஒன்பது என்று குறிப்பிட்ட மாடிகளில்தான் நின்றது. இறங்கி ஒரு மாடியோ இரண்டோ படியேற வேண்டியிருந்தது, ராத்திரி வேளையிலும். எல்லா மாடியிலும் நிற்க வைக்கும் மேம்பாட்டுத் திட்டமே 2001இல்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு இந்தப் படம் வந்தபோது பாதி ஊர் இன்னும் அந்தப் பழைய லிஃப்டில்தான் போய்வந்தது. தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த இரவு, தன் வீடு ஏழாம் மாடியில் இருந்தும் கீழிருந்தே படியேறிப் போனதாக அக்கா சொன்னார்.

மற்ற பேய்களும் இப்படித்தான். ரிப்போர்ட் கார்டைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டே நடையில் நிற்கும் பையன். சாப்பாட்டுக் கடையில் தொங்கும் வறுத்த இறைச்சியை நீள நாக்கால் நக்கும் பெண். கோப்பிக் கடையில் நாம் தினம் பார்க்கும் கண்ணாடிப் பெட்டி அது. இவர்கள் யாரும் பழிவாங்க வரவில்லை. அவரவர் பாட்டுக்கு இருக்கிறார்கள்.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். தன்னோடு எடுத்த புகைப்படத்தை ஒரு சிறுமி காட்டும்போது, படத்தில் இருப்பவள் யார் என்று நாயகிக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் கண்ணாடியில் அவள் பார்த்தது வேறொருத்தியின் முகம். கருவிழியைக் கொடுத்தவளின் முகம். தன் முகத்தையே பார்த்திராதவளை இதைவிட எப்படி ஏமாற்ற முடியும்? இதில் சத்தமும் இல்லை, ரத்தமும் இல்லை.

இதற்குப் பிறகு கதை தாய்லாந்துக்குப் போகிறது. கருவிழி கொடுத்த லிங் என்ற பெண்ணின் கிராமம், சாவை முன்கூட்டியே பார்க்கும் அவளைச் சூனியக்காரி என்று ஒதுக்கிய ஊர், மன்னிக்காத அம்மா. இந்தப் பகுதி கொஞ்சம் தொய்வு. மாமா இங்கே போனை எடுத்தார். கடைசியில் போக்குவரத்து நெரிசலில் எரிவாயு லாரி வெடிக்கும் காட்சி அவரை மறுபடி நிமிர்த்தியது. 1990இல் பாங்காக்கில் நிஜமாகவே எரிவாயு லாரி வெடித்துப் பலர் இறந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. நாயகி மறுபடி பார்வை இழக்கிறாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை.

இரண்டாம் பாகம்: அவளுக்கு எல்லாம் தெரியும்

‘தி ஐ 2’வில் கண் அறுவை சிகிச்சையே இல்லை. முதல் படத்து ஆட்கள் யாரும் இல்லை. தலைப்பும் பேய் தெரிகிற விஷயமும் மட்டும் தொடர்ச்சி. ஜோயி என்ற பெண் காதல் தோல்வியில் உயிரை விட முயன்று பிழைத்துக்கொள்கிறாள். கர்ப்பமாக இருப்பதும் தெரிய வருகிறது. அதிலிருந்து பேய்கள் தெரிகின்றன, குறிப்பாக ஒரு பெண். காதலன் ஏற்கெனவே மணமானவன். அந்தப் பெண் அவனுடைய மனைவி, தற்கொலை செய்துகொண்டவள். ஜோயியின் வயிற்றில் இருக்கும் குழந்தையாகப் பிறக்கக் காத்திருக்கிறாள்.

நடித்தவர் ஷூ சி. அவரைக் குறை சொல்ல முடியாது. படத்தில் பாதி நேரம் அவர் முகம் மட்டும்தான், அதைத் தாங்கவும் செய்கிறார். படமாக்கமும் முதலாவதைவிடப் பளபளப்பு. அந்தப் பளபளப்பே முதல் சிக்கல். ஜோயி பிறந்ததிலிருந்து நன்றாகப் பார்த்தவள். எது மனிதன், எது பேய் என்று பார்த்த உடனே அவளுக்குப் புரிகிறது, நமக்கும் புரிகிறது. முதல் படத்தில் சந்தேகம் செய்த வேலையை இதில் சத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. திடீர் திடீரென்று இசை அதிர்கிறது. அக்கா மகள் விளையாட்டாகச் சத்தத்தை முழுக்கக் குறைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டினாள். ஒன்றுமே ஆகவில்லை, யாரோ ஒரு பெண் நடந்து போகிறாள், அவ்வளவுதான். லிஃப்ட் காட்சியையும் அதேபோல் ஓட்டிப் பார்த்தோம். அது சத்தம் இல்லாமலும் பயமுறுத்தியது.

இரண்டாவது சிக்கல் எங்கள் அறைக்கே உரியது. எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்.

பேய்கள் ஏன் கர்ப்பிணிகளைச் சுற்றி நிற்கின்றன என்று ஒரு பிக்கு விளக்குகிறார்: மறுபிறவிக்காகக் காத்திருக்கின்றன. வயிற்றுக்குள் ஏற்கெனவே இறந்த ஒருவர் வரப் போகிறார் என்பது குலை நடுங்க வைக்க வேண்டிய செய்தி. பெரியம்மா என்ன செய்தார் தெரியுமா? தலையாட்டினார். “ஆமா, அப்படித்தானே. எங்க மாமியார் போன வருஷத்துலதான் எனக்குப் பொண்ணு பிறந்தா. அவங்களே வந்துட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, அவங்க பேரையே வெச்சோம்” என்றார்.

படத்தின் பயம் அந்த நிமிடமே போய்விட்டது. நம் வீடுகளில் தாத்தா பாட்டி திரும்பப் பிறப்பது நல்ல சேதி. கன்னத்து மச்சத்தைப் பார்த்து அப்பா வந்திருக்கிறார் என்று கண் கலங்குவோம். செத்தவர் குழந்தையாக வருவதைக் கேட்டு அலறும் பழக்கம் நமக்கு இல்லை. அதன் பிறகு படம் ஓடிய நேரமெல்லாம் பெரியம்மா பேயின் கட்சி. “அவளும் பாவம்தானே, புருஷன் ஏமாத்திட்டான், வந்து பிறந்துட்டுப் போகட்டுமே” என்று ஜோயிக்கே புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். பயற்றங்காய் முழுவதும் நறுக்கி முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால் படமும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறது. மொட்டைமாடியிலிருந்து குதித்தும் சாக முடியாமல், ஜோயி அந்தப் பெண்ணோடு சமாதானமாகிறாள், குழந்தையைப் பெறுகிறாள். சீனர்களுக்கும் தாய்லாந்துக்காரர்களுக்கும் மறுபிறவி புதிது இல்லையே. பாங் சகோதரர்கள் ஒரு மணி நேரம் எதை வைத்துப் பயமுறுத்தினார்களோ, அதையே ஆறுதலாக மாற்றி முடிக்கிறார்கள். அந்த ஆறுதலை முதல் பாதியிலேயே எட்டிவிட்டவருக்கு மீதிப் படம் ஒரு குடும்பப் படம்.

அப்படியென்றால் கர்ப்பம் தொடர்பான பயம் நம்மிடம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது, வேறு திசையில். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோவதுதான் நமக்குப் பயம். அப்படி இறந்தவளின் சுமை இறங்கட்டும் என்று ஊர் எல்லையில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். மலாய்க்காரர்களுக்கும் அதே பயம்தான், அவர்கள் அந்தப் பேய்க்கு வைத்த பெயர் பொந்தியானாக். சிங்கப்பூர்ச் சினிமாவின் பேய்ப்படத் தொடர்களே அவளிடமிருந்துதான் தொடங்கின. கேத்தே கெரிஸ் பட நிறுவனம் 1957இல் எடுத்த ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. படம் ஓடிய ஓட்டத்தில் அதே ஆண்டு இரண்டாம் பாகம், அடுத்த ஆண்டு மூன்றாம் பாகம். முதல் படத்தின் பிரதி இப்போது இல்லை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இந்த ஊரில் ஒரு கர்ப்பிணியைச் சுற்றிப் பேய்ப்படம் எடுக்க அவ்வளவு சரக்கு இருக்கிறது. ரெயின்ட்ரீ பங்கு போட்டும் ‘தி ஐ 2’ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம். ஹாங்காங்காரர்கள் எழுதிய கதையில் அதை எதிர்பார்ப்பது நியாயமா என்றால், இல்லைதான்.

2005இல் மூன்றாவதாக ‘தி ஐ 10’ என்று ஒன்று வந்தது. பேயைப் பார்க்கப் பத்து வழிகள் என்று ஏறக்குறைய விளையாட்டாகவே எடுத்திருந்தார்கள். அதில் கால் மணி நேரம் பார்த்துவிட்டு மாமா செய்திக்கு மாற்றிவிட்டார்.

ஒத்துக்கொள்ளாதவள்

அக்கா மகளுக்கு இந்த முடிவில் உடன்பாடு இல்லை. இரண்டாவதுதான் நல்ல படம் என்பது அவள் வாதம். “சித்தி, முதல் படத்துப் பேய்க்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அது சும்மா நிக்குது, அவ சும்மா பயப்படுறா. இதுல பேய்க்கு அவமேல கோபம் வர நியாயம் இருக்கு. அவளுக்கும் குற்ற உணர்ச்சி இருக்கு. எனக்கு அதுதான் திக்குன்னு இருந்துச்சு” என்றாள். பெரியம்மா பேய்க்குப் பரிந்து பேசப் பேச இவள் ஜோயி பக்கம் போனாள். அந்தப் பேச்சு படம் முடிந்த பிறகும் வெகுநேரம் ஓயவில்லை. முதல் படத்தைப் பற்றி யாரும் அப்படி வாதாடவில்லை. வாதாட அதில் ஒன்றும் இல்லை.

அவள் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். கதாபாத்திரத்தை மட்டும் பார்த்தால் ஜோயி கனமானவள். ஆனால் பேய்ப்படத்தின் வேலை பயமுறுத்துவது என்று வைத்துக்கொண்டால் கார்மன் பக்கம்தான் நான். இரவு சாப்பிட்டு முடித்து மாமா கிளம்பும்போது, “நானும் கீழ வரைக்கும் வர்றேன் தாத்தா” என்று அக்கா மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். துணைக்கா என்று கேட்டார் மாமா. குப்பை கொட்ட வேண்டும் என்றாள். கையில் குப்பைப் பை இல்லை.

அடுத்து ‘அது’ படத்தைத் தேடுகிறோம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பழைய வட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடிவிட்டதால் இன்னும் கிடைத்தபாடில்லை. கிடைத்தால் முதலில் அதில் லிஃப்ட் காட்சியை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்கிறார் பெரியம்மா.